மூன்று திங்கட்கிழமைகள்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்திலோ, அதற்கு அப்பாலுள்ள கூரத்திலோ, அகவை எழுபதைக் கடந்த நெசவாளர் ஒருவரிடம் சென்று, "அறிஞர் அண்ணா மறைந்த அன்று எங்கிருந்தீர்கள், ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல அவர் தயங்கமாட்டார். இன்னாருடைய தறியில் இருந்தேன் என்பார். சேலை முந்தி நெருங்கியிருந்தது என்பார். இன்னார் வந்து வாயிலில் நின்று சொன்னார், நாடாவை வைத்துவிட்டுக் குழியினின்று எழுந்தேன் என்பார். முந்தாநாள் உண்டது என்னவென்று நினைவில்லாதவர்க்கும் 1969ஆம் ஆண்டு பிப்பிரவரி 3ஆம் நாள் நினைவில் நிற்கும்.

அடுத்து, "யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவில் எங்கிருந்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். எந்த இரவு அது என்று திருப்பிக் கேட்பார். அவர்க்குத் தமிழ்ப்பற்று இல்லையென்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டா. பற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வேறொன்று இங்கே ஆராயத்தக்கது.

ஓர் இனத்தின் பெருந்துயர நாளில் தாம் எங்கிருந்தோம், யார் சொல்லிக் கேட்டோம், கை என்ன செய்துகொண்டிருந்தது என்பவற்றை மாந்தர் கல்லில் வெட்டியதுபோல் நினைவிற் கொள்வது எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் இலிங்கன் 1865இல் சுட்டுக் கொல்லப்பட்டார். முப்பத்துமூன்று ஆண்டு கழித்துக் கோல்குரோவ் என்னும் உளவியலறிஞர் 179 பேரிடம், அச்செய்தியைக் கேட்டபொழுது எங்கிருந்தீர்கள் என்று வினவினார். அவருள் 127 பேர் இடம், வேளை, உடனிருந்தார் ஆகிய எல்லாவற்றையும் விரித்துரைத்தனர். 1899இல் அவர் அதனை வெளியிட்டார். ஏரோட்டிக் கொண்டிருந்தவரும் வீட்டு வேலை பார்த்திருந்தவரும் நாட்டின் வரலாற்றுக்குள் தமக்கும் ஓரிடம் உண்டென்று காட்டிய விடைகள் அவை. வரலாறு பெரியோர்க்கு நேர்ந்ததை மட்டும் சொல்லும். 'நான் அன்று இங்கிருந்தேன்' என்னும் சொல்தான் எளியோரை அதனுள் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அண்ணாவின் சாவு காஞ்சி மக்களுக்கு வீட்டுச் சாவு. 1909 செபுதம்பர் 15இல் அந்நகரில் நெசவுக் குடியிற் பிறந்தவர் அவர். 1942 முதல் 'திராவிட நாடு' இதழை அங்கிருந்தே நடத்தினார். 1967 மார்ச்சு 6இல் முதலமைச்சரானார். 'தமிழ்நாடு' என்னும் பெயர் 1969 சனவரி 14இல், பொங்கல் நாளில், சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இருபதே நாள்தான் அவர் உயிரோடிருந்தார். 1968இல் நியூயார்க்கில் அறுவை செய்துகொண்டு மீண்ட அவர் உடலில் புற்றுநோய் மீளவும் தலையெடுத்தது. பிப்பிரவரி 3, திங்கட்கிழமை, நள்ளிரவு கடந்த சிறு பொழுதில் அவர் உயிர் பிரிந்தது. ஊர் பலவற்றில் அன்று ஊராட்சிமன்ற வானொலிப் பெட்டி ஒன்றுதான் செய்திக்கு வாயில். அப்பெட்டி சொன்னது, தெரு கேட்டது, தறி நின்றது. பிரிவினைக் கொள்கையை 1963இல் அவர் கைவிட்டது தொட்டு அவரோடு மாறுபட்டு நின்ற தனித்தமிழன்பர்களும் அன்று அழுதனர். தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டிக் கூரைமேல் ஏறி வந்தோர் பலர், கொள்ளிடப் பாலத்தின் இரும்புச் சட்டங்களில் மோதி மாண்டனர். அண்ணா மறைந்த அன்று எங்கிருந்தார்கள் என்னும் வினாவுக்கு அவர்கள் வீட்டார் சொல்லும் விடையைக் கேட்கவும் ஒரு துணிவு வேண்டும்.

நினைவைத் தொழுது நிற்பதும் தகாது. அது பொய்யும் சொல்லும். அதுவும் அறியாமற் சொல்லும். அண்ணாவின் இறுதி ஊர்வலத்திற் கலந்துகொண்டோர் ஒன்றரைக் கோடிப் பேர் என்று கின்னசு நூல் குறித்தது. 1971ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படித் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே நான்கு கோடியே பன்னிரண்டு இலக்கம். கைக்குழந்தையும் கிழவியும் உட்பட மூவரில் ஒருவர்க்கு மேற்பட்டோர் ஒரே நாளில் சென்னைக் கடற்கரைச் சாலையில் நின்றனர் என்றால், கணக்கறிந்த எவர்க்கும் ஐயம் எழும். தாமும் அங்கு நின்றதாக இன்று சொல்வோர் எல்லாரும் மெய்யாகவே நின்றிருந்தால் கடல் சற்றுப் பின்வாங்கியே இடந்தந்திருக்க வேண்டும்! அவர்களைப் பழித்தற்கில்லை. அங்கிருந்திருக்க வேண்டும் என்னும் விழைவு, ஐம்பது ஆண்டில் அங்கிருந்தேன் என்னும் நினைவாய்ப் பழுத்துவிடுகிறது.

இதனை அளந்தே காட்டியவர் நைசர் என்னும் அறிஞர். 1986 சனவரி 28இல் அமெரிக்க விண்கலமாகிய சேலஞ்சர் எழுந்த சிறு நேரத்திலேயே வெடித்துச் சிதறியது. மறுநாட் காலையில், அச்செய்தியை எவ்வாறு கேட்டீர்கள் என்று தம் மாணவர்களை எழுதித் தரச் செய்து வாங்கிவைத்தார். இரண்டரை ஆண்டு கழித்து அவருள் 44 பேரிடம் அதே வினாவை மீண்டும் விடுத்தார். 11 பேர் சொன்னது, முன்பு அவர்களே எழுதியதனோடு ஓரிடத்திலும் ஒத்துவரவில்லை. முழுதும் ஒத்தவர் மூவரே. பிழைபடச் சொன்னவர்களும் உறுதிபடவே சொன்னார்கள். அவர்கள் கைப்பட எழுதிய தாளை எடுத்துக் காட்டிய பின்னும் பழைய நினைவு மீளவில்லை. இரண்டரை ஆண்டுக்கே இவ்வளவு என்றால் ஐம்பது ஆண்டுக்கு எவ்வளவு? அதனால்தான் வாய்ச்சொல்லாய்க் கிடப்பதை ஏட்டில் ஏற்ற வேண்டும். ஒரு தெருவில் பத்துப் பேரிடம் கேட்டு எழுதினால் ஒருவர் பிழையை மற்றொருவர் திருத்துவர்.

இனி யாழ்ப்பாணம். 1933இல் செல்லப்பா என்னும் நல்லார் ஒருவர் தம் வீட்டிலே பொத்தகங்களைத் தொகுத்து வைத்துத் தொடங்கிய நூல்நிலையம் அது. பின்னர் ஊரார் பணந்திரட்டிக் கட்டடம் எழுப்பினர். கட்டட வரைவு, சென்னை நரசிம்மனுடையது. நூலக அமைப்புக்கு அறிவுரை தந்தவர் நூலகவியலறிஞர் அரங்கநாதன். தமிழ்நாட்டார் இருவர் கைபட்டு எழுந்த அந்நூலகம் 1959இல் திறக்கப்பெற்றது. 1981 மே 31, ஞாயிறு. மாவட்ட வளர்ச்சி மன்றத் தேர்தலுக்கு இடையில் நான்கே நாள். தெற்கிலிருந்து கொண்டுவந்து குவித்த காவலர் ஊரெங்கும் நிறைந்திருந்தனர்; சிங்கள அமைச்சர் இருவரும் அவ்வூரிலேயே தங்கியிருந்தனர். அன்றிரவு, விடிந்தால் திங்கட்கிழமை என்னும் பொழுதில், நூலகம் கொளுத்தப்பட்டது. 97,000க்கு மேற்பட்ட நூல்கள், அவற்றோடு ஓலைச்சுவடிகள், எரிந்தன.

அந்த இரவில் எங்கிருந்தார் என்று ஐயத்துக்கிடமின்றிச் சொல்லத்தக்கவர் ஒருவர் உண்டு. அவர் தாவீது அடிகள். பன்மொழி கற்றவர், மொழியாய்விலே வாழ்நாளைக் கழித்த துறவி. புனித பத்திரிசியார் கல்லூரியின் மேல்மாடத்தில் நின்று தீயைக் கண்டார். கண்டவர் அங்கேயே வீழ்ந்து உயிர்நீத்தார். அவ்வாண்டு சனவரியில்தான் மொழிஞாயிறு பாவாணரை மதுரையில் நெஞ்சுநோய் கொண்டது. சொல்லின் வேர் தேடிய அறிஞர் இருவரை ஓர் அரையாண்டு கொண்டுபோயிற்று. தாவீது அடிகள் நின்ற இடம் தெரிகிறது. கடலுக்கு இக்கரையில் நாலு கோடிக்கு மேற்பட்ட தமிழர் நின்ற இடம் அவர்களுக்கே தெரியவில்லை.

என்னை? சொல்வாரில்லை. யாழ்ப்பாணத்தில் வெளிவந்த தமிழ் நாளேடாகிய 'ஈழநாடு' அலுவலகமும் அதே நாள்களில் கொளுத்தப்பட்டது. எரித்தவர்கள் முறையறிந்தே எரித்தார்கள்: பொத்தகத்தை எரித்தார்கள், பொத்தகம் எரிந்தது என்று அச்சிடும் பொறியையும் எரித்தார்கள். கொழும்புப் பெருநாளேடுகள் அச்செய்தியைத் தாங்கவில்லை. தமிழ்நாட்டில் எந்த அரசும் விடுமுறை விடவில்லை. எந்த வானொலியும் தன் வழக்கமான பாட்டை நிறுத்தித் துயர இசை ஒலிக்கவில்லை. துணுக்குத் துணுக்காய், ஒருவர்க்கு ஒரு நாளும் மற்றவர்க்கு வேறொரு நாளுமாய்ச் செய்தி வந்து சேர்ந்தது. ஆகவே கூரத்து நெசவாளர் 1981 சூன் முதல் நாள் திங்கட்கிழமை எப்போதும்போல் தறியில் இறங்கினார், எப்போதும்போல் நெய்தார், மாலையில் எழுந்தார். அந்நாள் அவர் வாழ்வில் நாளாகவே பதியவில்லை.

நினைவு உள்ளத்தில் தோன்றுவது என்பர். அதன் விதை வெளியிலிருந்து வருகிறது. எந்தச் சாவுக்குத் தறி நிற்க வேண்டும், எந்தச் சாவுக்கு நிற்க வேண்டா என்பதை அறிவிப்புக் கருவியைக் கையில் வைத்திருப்பவர் முடிவு செய்கிறார். தனக்கென ஒரு வானொலியில்லாத இனம், தன் துயர நாளையே பிறர் சொல்லித்தான் அறிய வேண்டும். அவர் சொல்லாவிட்டால் அந்நாள் இல்லை.

இடையில், கூரத்துக்கு அணித்தேயுள்ள திருப்பெரும்புதூரில் 1991 மே 21 இரவு முன்னாள் தலைமையமைச்சர் இராசீவ்காந்தி குண்டுவெடிப்பிற் கொல்லப்பட்டார். உடனிருந்தோர் பலரும் மாண்டனர். அந்த இரவில் எங்கிருந்தோம் என்பதைக் காஞ்சி வட்டாரத்தில் மறந்தவர் அரியர். ஆனால் அதனைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். ஏனெனில் 'அன்று நீ எங்கிருந்தாய்?' என்பது அதன்பின் நினைவைக் கேட்கும் வினாவாக இராமல் காவலர் கேட்கும் வினாவாயிற்று. ஏதிலியராய் வந்திருந்த ஈழத்தமிழர் அவ்வினாவுக்கு ஆண்டுக்கணக்கில் விடை சொல்ல வேண்டியிருந்தது. அச்சத்தோடு காத்த நினைவும் நினைவுதான். அதனைக் கேட்டு வாங்குவோர்க்குப் பொறுமை மிகுதியும் வேண்டும்.

மூன்றாவது திங்கட்கிழமை 2009 மே 18. இம்முறை, செய்தி வரவில்லை என்று சொல்ல வழியில்லை. வானொலிப் பெட்டி ஒன்றை ஊர் சூழ்ந்து நின்ற காலம் மலையேறிவிட்டது. அரசே விலையின்றி வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி குடிசைதோறும் எரிந்துகொண்டிருந்தது. அதில் ஓடியது எது? தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு மே 13. வாக்கு எண்ணிக்கை மே 16, காரிக்கிழமை. முல்லைத்தீவுக் கடற்கரையில் முள்ளிவாய்க்கால் என்னும் சிறு மணற்பரப்பில் உயிர்கள் மாண்டுகொண்டிருந்த அதே பகலில், இங்கே எந்தத் தொகுதியில் எவர் முந்துகிறார் என்பதைக் குடும்பம் குடும்பமாய் உட்கார்ந்து பார்த்தனர். ஞாயிறன்று வெற்றி ஊர்வலம். திங்களன்று, போர் முடிந்தது என்று கொழும்பு அறிவித்தது. அப்போரின் இறுதிக் கட்டத்தில் மாண்ட பொதுமக்கள் நாற்பதாயிரம் வரை இருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமர்த்திய வல்லுநர் குழு 2011இல் கூறியது.

அந்த மூன்று நாளும் எங்கிருந்தோம் என்பதைத் தமிழ்நாட்டார் அறிவர். அறிந்தும் சொல்லார். 1981இன் வெறுமை வேறு. 2009இன் வாயடைப்பு வேறு. முன்னது அறியாமை, பின்னது வெட்கம். வெட்கப்படத் தெரிந்தவரைக் கடிவதாற் பயனில்லை. 'தொலைக்காட்சிமுன் இருந்தேன், தேர்தல் முடிவு பார்த்துக்கொண்டிருந்தேன், கீழே ஓடிய வரிகளில் ஏதோ வந்தது, கூர்ந்து படிக்கவில்லை' என்று ஒருவர் எழுதிவைப்பாராயின், அது நூறு மேடைமுழக்கத்தினும் மெய்யான ஆவணம். (மூன்றும் திங்கட்கிழமையாய் அமைந்ததில் மறைபொருள் ஏதுமில்லை. கிழமைக்குக் குற்றமில்லை, கோள் பார்ப்பார்க்கு இங்கே வேலையுமில்லை. உழைப்பவர் தறியில் இருந்த நாள் என்பதற்காகவே அது இங்குச் சொல்லப்பட்டது.)

எழுதாமல் விட்டால் என்னாகும் என்பதற்குக் கூரத்தைவிடச் சிறந்த சான்று வேண்டா. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேச்சுரவர்மன் வழங்கிய செப்பேடு கிடைத்த ஊர் அது. கல்வெட்டியல் கற்றோர் கூரம் என்றவுடன் அச்செப்பேட்டையே நினைப்பர். பெருவளநல்லூர்ப் போரில், பல இலக்கம் படையோடு வந்த சாளுக்கிய விக்கிரமாதித்தன் ஒரு கந்தையைப் போர்த்துக்கொண்டு ஓடினான் என்று அது பாடுகிறது. புகழ்ச்சி வடமொழியில், நிலத்தின் எல்லையும் பங்கும் தமிழில். பயன்படும் செய்தியைச் சொல்ல அன்றும் தமிழே வேண்டியிருந்தது!

ஆனால் அதே விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். காவிரிக்கரை உறையூர்வரை சென்று பாசறையிட்டிருந்தான். அதனைச் சொல்வது கூரம் செப்பேடு அன்று. 674ஆம் ஆண்டைச் சேர்ந்த அவனுடைய கத்வால் செப்பேடு. காஞ்சி வீழ்ந்த நாளைப் பற்றிக் காஞ்சிக்கு அருகில் கிடைத்த செப்பேட்டில் ஒரு வரி இல்லை. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் மீண்டும் காஞ்சியைக் கொண்டதை அறிவதும் அவன் பொறித்த கன்னடக் கல்வெட்டால்தான். காஞ்சிக் கயிலாயநாதர் கோயில் தூணில் அது இன்றும் நிற்கிறது. வென்றவன் வந்து எழுதிவைத்துப் போனான். தோற்ற ஊர் எழுதவில்லை.

இன்னுமொன்று. கூரத்து மண்டபத்திற் பாரதம் படிப்பதற்கென்று ஒரு பங்கை அச்செப்பேடு ஒதுக்குகிறது. எங்கோ வடக்கே ஒரு குடி தன்னுள் மோதி அழிந்த கதையைக் கூரத்தார் நாள்தோறும் கேட்கப் பொருள் கிடைத்தது. தம் தலைநகரிற் பகைவன் புகுந்த அன்று தாம் எங்கிருந்தோம், எந்தப் பக்கம் ஓடினோம், எந்தக் கிணற்றில் எதை மறைத்தோம் என்று சொல்ல ஒரு சாண் ஓலை கிடைக்கவில்லை. அந்த மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டவருள் அந்நாளைக் கண்ணாற் கண்ட கிழவர் இருந்திருப்பர். அவர்களை எவரும் கேட்கவில்லை.

இன்றைக்குக் கேட்கலாம். 1969இல் பத்து அகவைச் சிறுவராய் இருந்தவர் இன்று அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். அன்று தறியிற் குடும்பம் காத்தவர் தொண்ணூறை நெருங்குகிறார், அல்லது இல்லை. ஆண்டுதோறும் ஒரு தெருவுக்கு இரண்டு மூன்று பேரைக் காலம் கொண்டுபோகிறது. பணம் வேண்டா, அரசாணை வேண்டா, மேடை வேண்டவே வேண்டா. கூரத்துப் பள்ளி மாணவர் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை எடுத்துக்கொண்டு தம் பாட்டன் பாட்டியர்முன் உட்கார்ந்தாற் போதும். தமிழாசிரியர்கள் இதனைக் கட்டுரைப் பயிற்சியாகவே தரலாம். மாட்டுப்பொங்கலைப் பற்றி நாற்பதாம் முறை எழுதுவதினும் இது நற்பயிற்சி.

கேட்பது எளிய வினாக்களாய் இருக்கட்டும். எந்த ஊர், எந்தத் தெரு? வேளை என்ன? யார் வந்து சொன்னார்? கையில் என்ன வேலை இருந்தது? தறியாயின், என்ன நிறப் பாவு? அன்று அடுப்பு எரிந்ததா? அடுத்த நாள் தறியில் இறங்கினீர்களா, எத்தனை நாள் இறங்கவில்லை, அந்நாள்களின் கூலி என்னாயிற்று? பெண்களைத் தனியே கேட்க வேண்டும். ஆடவர் கடற்கரைக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் பாவுக்குக் கஞ்சியிட்டுக் காயவைத்திருந்ததை யார் எடுத்துவைத்தார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சொல்பவர் சொற்களை மாற்றி அழகுபடுத்த வேண்டா. முரண்பட்டால் முரண்பட்டபடியே எழுதுக. எழுதிய நாளையும் சொன்னவர் அகவையையும் அடியிற் குறிக்க.

முதல் திங்கட்கிழமைக்குப் பக்கங்கள் தாமே நிரம்பும். மூன்றாவதற்குச் சற்று நேரம் காத்திருக்க நேரும். இரண்டாவதைப் பற்றிக் கேட்கும்போது, 'எனக்குத் தெரியாது; எவரும் சொல்லவில்லை' என்று பெரியவர் சொன்னால், பக்கத்தை வெறுமையாய் விட்டுவிடாமல் அச்சொல்லையே, நாளிட்டு, அவர் பெயர்க்கு நேரே எழுதிக்கொள்க.